விக்டோரியா சோதனை: பெயர் பிரிக்கும் வேலையில் விக்கித்தரவு எப்படி?

தேடல் பெட்டியில் விக்டோரியா என்று அடித்தால் முதலில் இங்கிலாந்து ராணி வருகிறார். பின்னாலேயே ஓர் ஆஸ்திரேலிய மாநிலம், ஓர் ஆப்பிரிக்க ஏரி, அதே கண்டத்தில் ஓர் அருவி, கனடாவில் ஒரு மாகாணத் தலைநகர், செஷல்ஸ் நாட்டின் தலைநகர், மால்ட்டாவின் கோசோ தீவில் ஒரு நகரம். இன்னும் கீழே போனால் சிறுகோள், அந்துப்பூச்சிப் பேரினம், நீர்த்தாவரம், மூழ்கிப்போன போர்க்கப்பல், வீரப் பதக்கம், செவ்வாய்க் கோளில் ஒரு பள்ளம், ஸ்பானிய இசையமைப்பாளர் ஒருவரின் குடும்பப் பெயர். ரோமானியர்களின் வெற்றித் தெய்வத்துக்கு உரிய லத்தீன் பெயரை ஆளுக்கும் ஊருக்கும் கப்பலுக்கும் வைத்து வைத்து, பெயரை மட்டும் பார்த்து எதையும் அடையாளம் காண முடியாத நிலை வந்துவிட்டது.

நூலகப் பட்டியல், அருங்காட்சியகப் பதிவேடு, பழைய செய்தித்தாள் அட்டவணை, மொழிபெயர்ப்பு அடிக்குறிப்பு என எதைச் செய்பவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதற்கு இன்று பலரும் முதலில் திறப்பது விக்கித்தரவு, அதாவது விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான திறந்த தரவுத்தளம். 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கிய இந்தத் தளத்தில் இப்போது 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்காமலே படிக்கலாம், தரவு சிசி-0 உரிமத்தில் இருப்பதால் எடுத்து எங்கும் பயன்படுத்தலாம். பெயர் பிரிக்கும் வேலைக்கு இது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை இந்த ஒரே பெயரை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘இந்தப் பெயரில் எத்தனை பேர், எத்தனை பொருள்கள்’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல இலவசச் சேவை கிடையாது. ‘என் ஆவணத்தில் இருக்கும் விக்டோரியா இவர்களில் யார்’ என்ற கேள்விக்கு இது பாதி வழி வரைதான் வரும். மீதி வழிக்குத் துறைப் பதிவேடுகள் வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உருப்படி, அதற்கு ஒரு க்யூ எண். ராணி க்யூ9439, ஆஸ்திரேலிய மாநிலம் க்யூ36687. எண்ணுக்குள் எந்தப் பொருளும் ஒளிந்திருக்கவில்லை, நல்லதுதான். பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், நாடே மாறலாம், எண் அப்படியே இருக்கும். மும்பையின் விக்டோரியா டெர்மினஸ் 1996-இல் சத்திரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனபோது புதிய கட்டடம் ஒன்றும் எழும்பவில்லை. ஆகவே உருப்படியும் ஒன்றுதான். பழைய பெயர் மாற்றுப் பெயராக அங்கேயே இருக்க வேண்டும்; முடிந்த தேதியோடு அதிகாரப்பூர்வப் பெயர்க் கூற்றாகவும் (உருப்படியைப் பற்றிய ஒவ்வொரு தகவல் பதிவும் ஒரு கூற்று) சேர்க்கலாம். பழைய பெயருக்காகத் தனி உருப்படி தொடங்குவது புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் வேலை. பிறகு யாராவது இரண்டையும் ஒன்றாக்க வேண்டியிருக்கும்.

எண்ணுக்குக் கீழே லேபிள், விளக்கம், மாற்றுப் பெயர்கள் என மூன்று பகுதிகள், மொழிக்கு மொழி தனித்தனியாக. விக்கிப்பீடியாவில் கட்டுரைத் தலைப்புகள் மோதும்போது ‘விக்டோரியா (மாநிலம்)’ என்று அடைப்புக்குறி போட்டுப் பிரிப்பார்கள். இங்கே அது கூடாது. லேபிளில் வெறும் ‘விக்டோரியா’ என்று மட்டும் இருக்க வேண்டும், பிரிக்கும் வேலை முழுவதும் விளக்கத்துடையது. தானியங்கிகள் கட்டுரைத் தலைப்பை அப்படியே லேபிளில் கொட்டிவிட்ட இடங்களில் அடைப்புக்குறிகள் இன்னும் மிச்சமிருக்கும். கண்ணில் பட்டால் நீக்கி, உள்ளே இருப்பதை விளக்கத்துக்கு நகர்த்துவதே முறை.

ஒரே மொழியில் இரண்டு உருப்படிகளுக்கு லேபிள் ஒன்றாக இருக்கலாம். விளக்கமும் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் ஒருசேர ஒன்றாக இருந்தால் தளம் சேமிக்க விடாது. ‘விக்டோரியா, நகரம்’ என்று ஒன்று ஏற்கெனவே இருந்தால், அடுத்த நகரத்துக்கு நாட்டையோ மாகாணத்தையோ சேர்த்தே ஆக வேண்டும். பெயர் பிரிப்பை மென்பொருளே வற்புறுத்தும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை உண்டு: விளக்கம் காலியாக இருந்தால் இந்தத் தடை வேலை செய்யாது. தமிழ் இடைமுகத்தில் தேடுபவர்களுக்கு அடி விழுவது இங்கேதான். தமிழ் லேபிள் இருக்கும், தமிழ் விளக்கம் இருக்காது. விளைவு, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தமிழில் அடையாளம் சொல்லாத விக்டோரியாக்கள். ஆங்கில விளக்கம் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கலாம். நிரந்தரத் தீர்வு, நாம் திறக்கும் உருப்படிகளுக்கு அங்கேயே ஒரு வரி எழுதிவிட்டு வருவது.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். 250 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு; ஆனால் பத்துச் சொல்லுக்குள் முடிப்பது நல்லது. கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம், புகழ்ச்சி வேண்டாம், பெயரையே திரும்பச் சொல்ல வேண்டாம். எது பிரித்துக் காட்டுமோ அது மட்டும் போதும். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிரிட்டிஷ் போர்க்கப்பல்’ என்ற விளக்கம் உண்மைதான், பயனில்லாத உண்மை. கடற்படைகள் ஒரே பெயரைக் கப்பலுக்குக் கப்பல் கைமாற்றுபவை. 1859-இல் நீரில் இறங்கிய மரக் கப்பலும் விக்டோரியாதான். 1887-இல் இறங்கி, 1893 ஜூன் 22 அன்று லெபனானின் திரிப்போலிக்கு அப்பால் கேம்பர்டவுன் கப்பல் மோதி, 358 பேரோடு மூழ்கியதும் விக்டோரியாதான். வெள்ளோட்ட ஆண்டு விளக்கத்தில் இல்லாவிட்டால் விபத்துச் செய்தி முந்தைய கப்பலில் போய் ஒட்டிக்கொள்ளும். வணிகக் கப்பல் என்றால் கவலை குறைவு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஐஎம்ஓ எண் ஏழு இலக்கம். கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் அது மாறாது.

அடுத்தது ஆட்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க நூலகர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது பிறப்பு, இறப்பு ஆண்டுகள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ராணியின் தலைப்பே ‘விக்டோரியா, கிரேட் பிரிட்டன் ராணி, 1819-1901’ என்பதுதான். விக்கித்தரவில் பண்புகளுக்குத் தனியாக பி எண்கள் உண்டு: பிறப்பு பி569, இறப்பு பி570. ராணியின் குடும்பம் இந்த முறைக்கு வைத்த பரீட்சை போலவே இருக்கிறது. தாய் சாக்ஸ்-கோபர்க்-சால்ஃபெல்டின் விக்டோரியா (1786-1861), மகள் ஜெர்மன் பேரரசி விக்டோரியா (1840-1901), பேத்திகளில் ஹெஸ்ஸெயின் விக்டோரியா (1863-1950), பிரஷ்யாவின் விக்டோரியா (1866-1929), விக்டோரியா மெலிட்டா (1876-1936), ஸ்பெயின் ராணியான விக்டோரியா யூஜினி (1887-1969). ராணியும் மூத்த மகளும் இறந்தது ஒரே ஆண்டில்: தாய் 1901 ஜனவரி 22, மகள் ஆகஸ்ட் 5. ‘1901-இல் மறைந்த விக்டோரியா’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பிறந்த ஆண்டும் சேர்ந்தால்தான் பிரியும். போதாக்குறைக்கு, ராணியின் ஞானஸ்நானப் பெயரில் முதலாவது அலெக்சாண்ட்ரினா. பழைய ஆவணங்களில் அந்தப் பெயரும் வரும் என்பதால் மாற்றுப் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் ஒதுக்கக் கூடாது.

தேதிகளில் விக்கித்தரவு பிடிக்கும் ஒரு சின்னச் சண்டை, தெரியாதவர்களை நிச்சயம் கவிழ்க்கும். ஒவ்வொரு தேதிக்கும் துல்லிய அளவு ஒன்று கூடவே பதிவாகிறது: 9 என்றால் ஆண்டு மட்டும் தெரியும், 10 என்றால் மாதம் வரை, 11 என்றால் நாள் வரை. கேள்வி எழுதிப் பட்டியல் எடுக்கும் வினவல் சேவையில் எளிய வழியில் தேதியைக் கேட்டால் இந்தத் துல்லிய அளவு வராது. ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கும் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்றே விடை வரும். உங்கள் அட்டவணையில் திடீரென்று பாதிப் பேர் புத்தாண்டு தினத்தில் பிறந்திருந்தால் காரணம் இதுதான். தேதியின் முழு மதிப்பு முனையைக் கேட்டு, துல்லிய அளவையும் தனி நெடுவரிசையாக இழுத்துக்கொள்ள வேண்டும். நாள் வரை ஒப்பிடும் முன் இரு பக்கமும் 11 இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

ஒரு பெயர் கொண்ட ஆட்களை எல்லாம் வரவழைக்க லேபிளைத் தேடுவது மோசமான வழி. லேபிளில் ‘விக்டோரியா’ என்ற எழுத்துத் தொடர் இருக்கும் அத்தனையையும் தா என்று வினவல் எழுதினால், 60 நொடி வரம்பு தாண்டி வினவல் அறுந்துபோகும். மொழிக் குறியோடு எழுத்துக்கு எழுத்துச் சரியான பெயரைக் கேட்டால் வேகமாக வரும், ஆனால் முழுப் பெயராக எழுதப்பட்டவர்கள் எல்லாம் விடுபடுவார்கள். நல்ல வழி, பெயருக்கே ஓர் உருப்படி இருப்பதைப் பயன்படுத்துவது. முதற்பெயர் என்ற பண்பு பி735, குடும்பப் பெயர் பி734. பெண்பாற் பெயராகிய விக்டோரியாவின் உருப்படியை பி735-இல் வைத்துக் கேட்டால், லேபிள் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருந்தாலும் ஆட்கள் வந்துவிடுவார்கள். இசையமைப்பாளர் தோமாஸ் லூயிஸ் டி விக்டோரியா (1548-1611) இதில் வரமாட்டார்; அவருக்குக் குடும்பப் பெயர் வழியே போக வேண்டும்.

இங்கும் ஒரு சிக்கல். லத்தீனில் ஒன்றாக இருந்த பெயர், ஐரோப்பிய மொழிகளில் விக்டோரியா, விட்டோரியா, விக்த்வார் என்று பிரிந்து, அவற்றின் எழுத்துக்கூட்டலும் நாட்டுக்கு நாடு வேறு. விக்கித்தரவு ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகவே வைத்திருக்கிறது. இவற்றை இணைப்பது ‘இதுவும் அதுவும் ஒன்றெனக் கூறப்படுகிறது’ என்ற பி460. ஜெர்மன் இளவரசிகள் உங்கள் பட்டியலில் குறைந்தால், அவர்கள் பெயர் நடுவில் ‘சி’ எழுத்துக்குப் பதில் ‘கே’ எழுத்தோடு வேறு உருப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். பி460 வழியே ஒரு படி நடந்து அந்த வடிவங்களையும் வினவலில் சேர்த்தால் தீர்ந்தது. தமிழிலோ ‘வி’ எழுத்தில் தொடங்கி எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதால், ஸ்பெயினின் விட்டோரியா-காஸ்டெய்ஸ் நகரும் பிரேசிலின் விட்டோரியா நகரும் தமிழ் லேபிளில் எளிதாகக் கலந்துவிடும். விமான நிலையக் குறி வைத்துப் பிரிப்பவர்களுக்கு அங்கே குழப்பம் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் நம்புபவர்களுக்கு உண்டு.

இந்தச் சேவையில் மிகவும் குறைத்து மதிக்கப்படும் பண்பு பி138: ‘இதன் பெயரால் அழைக்கப்படுவது’. ஒரே பெயருள்ளவை எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்ற நினைப்பை உடைக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. 1843-இல் கோட்டையாகத் தொடங்கிய கனடா விக்டோரியா, 1851 ஜூலை 1 அன்று நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்த ஆஸ்திரேலிய மாநிலம், 1887 பொன்விழா ஆண்டில் பெயர் மாறிய கோசோ நகரம், லிவிங்ஸ்டன் 1855-இல் பெயரிட்ட அருவி, ஸ்பீக் 1858-இல் பெயரிட்ட ஏரி ஆகிய எல்லாம் ராணியிடம் போய் முடியும். ஆனால் டெக்சாஸின் விக்டோரியா நகரமும் தமௌலிபாஸ் மாநிலத் தலைநகர் சியூதாத் விக்டோரியாவும் அப்படி அல்ல. அவை மெக்சிகோவின் முதல் குடியரசுத் தலைவர் குவாடலூப்பே விக்டோரியாவின் (1786-1843) பெயரைத் தாங்கியவை. அவர் பிறந்தபோது வைத்த பெயரிலும் விக்டோரியா கிடையாது. விடுதலைப் போரில் அவரே சூட்டிக்கொண்டது அது. டெக்சாஸ் ஊர் தொடங்கிய 1824-இல் பிரிட்டிஷ் இளவரசிக்கு ஐந்து வயது. ‘விக்டோரியா என்றால் ராணிதான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு பி138 நிரப்புகிறவர்கள் வைக்கும் பிழைகளை ஆண்டைப் பார்த்தே பிடித்துவிடலாம்: ராணி ஆட்சிக்கு வந்தது 1837.

சங்கிலி இன்னும் நீளும். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2006 முதல் 2008 வரை ஆராய்ந்த, ஏறத்தாழ 800 மீட்டர் அகலமுள்ள விக்டோரியா பள்ளத்துக்கு ஊர்திக் குழு வைத்த பெயரின் மூலம் ராணி அல்ல. 1522-இல் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பிய மெகல்லன் குழுவின் விக்டோரியா கப்பல். புதன் கோளின் விக்டோரியா செங்குத்துச் சரிவுக்கும் அதே கப்பல்தான். அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்தது செவில் நகரின் திரியானாப் பகுதியில் இருந்த வெற்றி மாதா தேவாலயம். பி138-ஐத் தொடர்ந்து சொடுக்கிக்கொண்டே போனால் கோளில் தொடங்கித் தேவாலயத்தில் முடியும் பயணம் இது. எந்த அகராதியும் இப்படி ஒரு சேவை தராது. சிறுகோள் எண் 12 விக்டோரியா வேறு ரகம். 1850 செப்டம்பர் 13 அன்று ஹிண்ட் அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தபோது, உயிரோடு இருக்கும் ராணியின் பெயரை வானில் ஏற்றுவதா என்று அமெரிக்க வானியலாளர் கூல்ட் போன்றவர்கள் எதிர்த்தார்கள். தெய்வத்தின் பெயர் என்ற கணக்கில்தான் அது நிலைத்தது. ஆகவே பி138-இல் தெய்வம் இருக்க வேண்டும். ராணியும் இருந்தால் சான்று கேட்க வேண்டும்.

பி1889 ‘இதிலிருந்து வேறுபட்டது’ என்பது இன்னொரு தற்காப்பு. அடிக்கடி கலக்கப்படும் இரண்டு உருப்படிகளுக்கு இடையே போடப்படும் வேலி அது. இரண்டு பக்கமும் போட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தளம் எச்சரிக்கை காட்டும். விக்டோரியா கிராஸ் பதக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1856-இல் தொடங்கிய மூலப் பதக்கம் ஒன்று. ஆஸ்திரேலியா 1991-இலும், கனடா 1993-இலும், நியூசிலாந்து 1999-இலும் தமக்கெனத் தனிப் பதக்கங்களை ஏற்படுத்திக்கொண்டன. பெயரில் ஒட்டியிருக்கும் நாட்டுப் பெயரைப் பலரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பெற்ற விருது என்ற இடத்தில் தவறானது போனால், அந்தந்த நாட்டுப் பதக்கம் பெற்றவர்களின் எண்ணிக்கையே பொய்யாகும். ஆள் ஆஸ்திரேலியர் என்பதால் ஆஸ்திரேலியப் பதக்கம் என்று முடிவு கட்டவும் முடியாது. 1991-க்கு முன் வழங்கப்பட்டவை எல்லாம் மூலப் பதக்கங்கள்.

தேடல் பெட்டியைப் பற்றி இரண்டே குறிப்பு. கீழே விரியும் பரிந்துரைகளில் முதலாவதைச் சொடுக்காதீர்கள். அதிகம் இணைக்கப்பட்டவை மேலே வருவதுதான் அதன் இயல்பு, உங்களுக்கு வேண்டியது மேலே வர வேண்டும் என்ற அக்கறை அதற்கு இல்லை. முழுத் தேடல் பக்கத்துக்குப் போய், பெயரோடு கூற்று வடிகட்டியைச் சேருங்கள்: ‘இது எந்த வகை’ என்று சொல்லும் பி31-இன் மதிப்பு க்யூ5 (மனிதர்) என்றால் மனிதர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். க்யூ4167410 என்ற மதிப்பைக் கழித்தல் குறியோடு விலக்கினால், ஒரே தலைப்புள்ளவற்றைப் பட்டியலிடும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கங்கள் ஒழியும். இந்த இரண்டாவதைச் செய்யாததால்தான், ‘பிறந்த இடம்: விக்டோரியா’ என்பது ஓர் ஊருக்குப் பதில் விக்கிப்பீடியாவின் வழிகாட்டிப் பக்கம் ஒன்றோடு இணைந்து கிடக்கும் அபத்தங்கள் தரவுத் தொகுப்புகளில் தென்படுகின்றன. ஒரு மனிதர் வழிகாட்டிப் பக்கத்தில் பிறக்க முடியாது.

நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே வீச்சில் பொருத்த ஓப்பன்ரிஃபைன் மென்பொருள்தான் வழி. நெடுவரிசைத் தலைப்பின் பட்டியலைத் திறந்து, ‘ரீகன்சைல்’ (பொருத்துதல்) என்பதற்குள் தொடக்கக் கட்டளையைக் கொடுத்து, விக்கித்தரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த திரையில் கேட்கும் வகையை வெறுமனே விடாமல் மனிதர், நகரம், கப்பல் என்று குறிப்பிடுங்கள். அதே திரையின் பக்கத்தில் மற்ற நெடுவரிசைகளைப் பண்புகளோடு இணைக்கும் இடம் இருக்கிறது. ஆட்கள் என்றால் பிறந்த ஆண்டு நெடுவரிசையை பி569-உடனும், ஊர்கள் என்றால் நாட்டை பி17-உடனும் கட்டிவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலைதான் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பெயர் மட்டும் கொடுத்துவிட்டு வரும் உயர்ந்த மதிப்பெண், எழுத்துகள் பொருந்துகின்றன என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. எல்லாச் செல்களுக்கும் முதல் தேர்வை ஏற்கும் கட்டளை ஒன்று உண்டு. விக்டோரியா போன்ற பெயர்கள் இருக்கும் நெடுவரிசையில் அதைத் தொடவே கூடாது.

தமிழ்த் தரவோடு வருபவர்களுக்குத் தனியாக ஒரு பொறி காத்திருக்கிறது. ‘டோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விக்கித்தரவு சேமிக்கும்போதே என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவத்துக்கு மாற்றி ஒற்றைக் குறியாக்கிவிடுகிறது. உங்கள் விரிதாளில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த பெயர் இரண்டு குறிகளாக இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் சூத்திரம் ‘வேறு’ என்றே சொல்லும். பொருத்தத் தொடங்கும் முன் முழு நெடுவரிசையையும் என்எஃப்சி-க்கு மாற்றிவிடுவது நல்லது. ஏகாரக் கொம்புக்குப் பதில் எகரக் கொம்பைத் தட்டியிருந்தால் அந்த மாற்றமும் காப்பாற்றாது; அது எழுத்துப் பிழை, கையால்தான் திருத்த வேண்டும். விக்டோரியா, விக்ரோரியா, விக்தோரியா என்று இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் எழுத்து வழக்குகளைத் தேடல் தானாக ஒன்றாக்காது. மாற்றுப் பெயர்ப் பகுதியில் யாராவது போட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

பெரிய ஆபத்து, தவறான இணைப்பு. ஒரே பெயர், ஒரே நாடு, இரண்டிலும் விவரம் குறைவு என்றால் யாரோ ஒருவர் இரண்டு உருப்படிகளையும் ஒன்றாக்கிவிடுவார். ஒன்று மற்றொன்றுக்கு வழிமாற்றாகிவிடும். இதை மீட்பது கடினமில்லை: வழிமாற்றான பக்கத்தை மாற்றிவிடாமல் திறந்து, வரலாற்றிலிருந்து இணைப்புக்கு முந்தைய பதிப்பை மீட்டெடுங்கள், பிறகு நிலைத்த பக்கத்தில் புதிதாக ஒட்டிய கூற்றுகளை நீக்குங்கள், கையோடு இரண்டுக்கும் நடுவே பி1889 போடுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் மறுபடி இணைப்பார். தாமதம்தான் கெடுதல். சில காலத்தில் தானியங்கிகள் வந்து, பழைய எண்ணைச் சுட்டிய கூற்றுகளை எல்லாம் புதிய எண்ணுக்கு மாற்றிவிடும். அதன் பிறகு எந்தக் கூற்று யாருடையது என்பதை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

மீதிப் பாதி வழிக்கான பதிவேடுகள், உருப்படியின் அடியில் அடையாளங்காட்டிகள் பகுதியிலேயே இருக்கின்றன. நூலாசிரியர்களுக்கு வியாஃப் (பி214): காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி-யும் 2003-இல் தொடங்கியது, பல தேசிய நூலகங்களின் பதிவுகளைக் கணினியால் கொத்துக் கொத்தாகச் சேர்க்கிறது. தேதி இல்லாத ஒரே பெயர்க்காரர்களை அது ஒரே கொத்தில் போட்டுவிடும், கொத்துகள் பிரிந்து எண்ணும் மாறும். ஆகவே வியாஃப் எண்ணைச் சான்றாக எடுக்காமல், உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு தேசிய நூலகப் பதிவைத் திறந்து பாருங்கள். அங்கேயும் பழைய பதிவுகளில் எச்சரிக்கை தேவை: பிரிக்க விவரம் கிடைக்காத பலரை ஒரே பதிவில் வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. நூலகப் பதிவுகளுக்கான மார்க் வடிவில் 008 புலத்தின் 32 என எண்ணிட்ட இடத்தில் ஆங்கில ‘b’ எழுத்து இருந்தால் அது ஒருவரின் பதிவே அல்ல. ஆட்களுக்குத் தரப்படும் எண்களான ஐஎஸ்என்ஐ, ஆர்கிட் இரண்டும் 16 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, சில நேரம் அது ‘எக்ஸ்’ ஆகவும் இருக்கும். அந்தச் சரிபார்ப்பு தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், ஆள் மாறாட்டத்தைப் பிடிக்காது. ஆர்கிட் ஆய்வாளர்கள் தாங்களே பதிவதால், மறைந்தவர்களுக்கு அதை நாடிப் பயனில்லை.

ஊர்களுக்கு இடப்பெயர்த் தரவுத்தளமான ஜியோநேம்ஸ் (பி1566). அங்கே பெயரைவிட வகைக் குறியே முக்கியம். ஏரி, அருவி, தலைநகர், முதல்நிலை நிர்வாகப் பகுதி எல்லாவற்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. இலங்கையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே 122 மீட்டர் உயரத்தில் நிற்கும் விக்டோரியா அணை, அதன் நீர்த்தேக்கம் என இரண்டும் தனித்தனிப் பொருள்கள். ஆயத்தொலைவுகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வகைக் குறி பார்க்காதவர்கள் அணையின் உயரத்தை நீர்த்தேக்கத்தின் ஆழம் ஆக்கிவிடுவார்கள்.

உயிரினப் பெயர்களில் விக்கித்தரவைத் தனியாக நம்ப வேண்டாம். தாவரப் பெயர்களுக்கும் விலங்குப் பெயர்களுக்கும் விதி நூல்கள் வேறு. ஒரே விதி நூலுக்குள் ஒரு பேரினப் பெயர் ஒன்றுக்கு மட்டுமே சொந்தம். ஆனால் ஒரு தாவரமும் ஒரு விலங்கும் ஒரே பெயரில் இருக்கத் தடையில்லை. லிண்ட்லி 1837-இல் பெயரிட்ட ராட்சத நீரல்லிப் பேரினமும் விக்டோரியா, வாரன் 1897-இல் பெயரிட்ட அந்துப்பூச்சிப் பேரினமும் விக்டோரியா. இரண்டும் செல்லும். பிரிப்பது பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியரும் ஆண்டும்தான், அதை வெட்டிவிட்டு வெறும் பெயரை அட்டவணையில் வைப்பதே தவறு. பழைய நூல்களின் விக்டோரியா ரீஜியா என்பதும் இன்றைய விக்டோரியா அமேசானிக்கா என்பதும் ஒரே தாவரம். 1832-இல் பொப்பிக் வேறு பேரினத்தின்கீழ் வைத்த அமேசானிக்கா என்ற அடைமொழி மூத்தது என்பதால் அது வென்றது. இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2022-இல் விக்டோரியா பொலிவியானா மூன்றாவதாகச் சேர்ந்தது. அதற்கு முன் பெயரிட்ட தோட்டச் சீட்டுகளிலும் உலர்தாவரத் தாள்களிலும் இந்த மூன்றாவது இனம், முந்தைய இரண்டில் ஒன்றின் பெயரோடு இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பதிவை இனம் வரை இணைக்காமல் பேரினத்தின் க்யூ எண்ணோடு நிறுத்துங்கள். தாளில் எழுதியிருந்த பெயரை எழுத்து மாறாமல் பக்கத்து நெடுவரிசையில் வையுங்கள், அடையாளம் கண்டவர் பெயரும் ஆண்டும் அதற்கடுத்த நெடுவரிசையில்.